ஆங்கில ‘ஒய்’யும் அம்பாசமுத்திரத்து ‘ஓய்’யும்

உங்கள் கேள்வி பார்வைக்கு ஒன்று. பிரித்துப் பார்த்தால் மூன்று. ஏழாம் வகுப்பில் படிக்கும் உங்கள் மகள், பறவைகளின் இடப்பெயர்ச்சி பற்றிய ஓர் ஆங்கில வினாவைத் தமிழாக்கும்போது ‘பறவைகள் எதற்கு இடம்பெயர்கின்றன?’ என்று எழுதியிருக்கிறாள். ஆசிரியர் ‘எதற்கு’ என்பதை அடித்துவிட்டு ‘ஏன்’ என்று திருத்தியிருக்கிறார். ‘எதனால்’ என்று எழுதியிருந்தால் சரியாகியிருக்குமோ என்பது உங்கள் ஐயம். ‘ஏன்’ என்று கேட்க ஆங்கிலத்தில் வழங்கும் ‘ஒய்’ என்ற சொல் எங்கிருந்து வந்தது என்பது இரண்டாவது. மூன்றாவதைச் சற்றுத் தயங்கித்தான் கேட்டிருக்கிறீர்கள்: அம்பாசமுத்திரத்தில் உங்கள் தாத்தா நண்பர்களை ‘என்ன ஓய்!’ என்று கூப்பிடுவாராம்; அந்த ‘ஓய்’தான் கப்பலேறிப் போய் ஆங்கில ‘ஒய்’ ஆயிற்று என்று உறவினர் ஒருவர் அடித்துப் பேசுகிறார், அதில் உண்மை உண்டா?

நான் பாளையங்கோட்டைக் கல்லூரி ஒன்றில் நெடுங்காலம் ஆங்கில மொழி வரலாறு நடத்தியவன். பழைய ஆங்கிலத்தை அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாசிக்கப் பழகியவன். திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தில் நான் வாசகன் மட்டுமே. ஆராய்ச்சி செய்தவன் அல்லன். ஆகவே ஆங்கிலத்தைப் பற்றிச் சொல்வதை அழுத்தமாகவும், தமிழின் தொல்பழங்காலத்தைப் பற்றிச் சொல்வதைச் சற்று அடக்கியும் சொல்வேன். உங்கள் உறவினரின் கட்சியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அதை மறுக்கப் போகும் வழியிலேயே அந்தச் சொல்லின் வரலாறும் வந்துவிடும்.

ஆங்கிலச் சொல்லின் தொடக்கத்தில் ‘ஒ’ என்ற உயிர் கிடையாது. அது நாம் சேர்த்தது. நம்முடைய ‘வ’ மேற்பல்லும் கீழுதடும் கூடிப் பிறப்பது. ஆங்கிலேயர் அந்த இடத்தில் இரண்டு உதடுகளையும் குவித்து ஒலிக்கிறார்கள். அந்தக் குவிப்பைக் காட்டத் தமிழில் எழுத்து இல்லாததால் ‘ஒ’வை முன்னால் நிறுத்துகிறோம். ‘ஒயர்’, ‘ஒயின்’ எல்லாம் இப்படி வந்தவைதான். கம்பிக்கும் மதுவுக்கும் நம் ‘ஓய்’யோடு உறவு உண்டு என்று உங்கள் உறவினரும் சொல்லமாட்டார் என்று நம்புகிறேன். ஆங்கில நெடுங்கணக்கின் கடைசிக்கு முந்தைய எழுத்தின் பெயரும் காதுக்கு இதே ‘ஒய்’தான், வினாச்சொல்லுக்கும் எழுத்தின் பெயருக்கும்கூட ஒலி ஒற்றுமை தவிர வேறு ஒட்டு இல்லை.

இதைவிட வலுவான சான்று ஒன்று உண்டு. சொல்லின் இன்றைய ஒலிக்கு வயது மிகவும் குறைவு. ஆங்கில நெடில் உயிர்கள் ஏறத்தாழ 1400 தொடங்கி 1700 வரை ஒட்டுமொத்தமாக இடம் மாறின. மொழி வரலாற்றில் அதைப் பேருயிர்மாற்றம் எனலாம். அதற்கு முன் இன்றைய ‘டைம்’ ஏறக்குறைய ‘டீம்’ என்று ஒலித்தது. ‘லைஃப்’ என்பது ‘லீஃப்’. நம்முடைய வினாச்சொல்லும் அப்படியே ‘ஹ்வீ’ என்றுதான் ஒலித்தது. 1400-இல் இறந்த கவிஞர் சாசர், தெருவில் யாராவது ‘ஒய்’ என்று கேட்டிருந்தால் திரும்பிப் பார்த்திருக்கமாட்டார். அந்தக் காலத்து ‘ஹ்வீ’யை நம் ஊர் ‘ஓய்’க்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், ஓர் ஒலிகூடப் பொருந்தாது. இரண்டு சொற்கள் உறவா என்று பார்க்க வேண்டுமானால் இன்றைய உருவத்தை விட்டுவிட்டு, கிடைக்கும் மிகப் பழைய உருவங்களை ஒப்பிட வேண்டும். இணையத்தில் உலவும் ‘இந்த ஆங்கிலச் சொல் தமிழிலிருந்து போனது’ பட்டியல்களில் பெரும்பாலானவை இந்த முதல் படியிலேயே வழுக்கிவிழும். மிளகுத்தண்ணீரும் சுருட்டும் கட்டுமரமும் உண்மையாகவே ஆங்கிலத்துக்குப் போன தமிழ்ச் சொற்கள். அந்தப் பெருமை நமக்குப் போதும்.

இன்னும் பின்னால் போவோம். 1066-இல் நார்மானியர் இங்கிலாந்தைப் பிடிப்பதற்கு முன்பிருந்த ஆங்கிலத்தில் இந்தச் சொல் ‘ஹ்’ என்ற மூச்சொலியில் தொடங்கியது. எழுத்திலும் அந்த எழுத்தே முதலில் நின்றது. பின்னர் வந்த எழுத்தர்கள் அதையும் அதை அடுத்து நின்ற இதழொலி எழுத்தையும் இடம் மாற்றி எழுதினார்கள். உங்கள் மகள் மனப்பாடம் செய்யும் வினாச்சொற்கள் பலவற்றில் ஒலிக்காத ஓர் எழுத்து இரண்டாவதாக நிற்பதற்கு அதுதான் காரணம். ஸ்காட்லாந்திலும் அயர்லாந்திலும் இன்னும் பலர் அந்த மூச்சொலியோடு ‘ஹ்வாட்’, ‘ஹ்வை’ என்று சொல்வதைக் கேட்கலாம்.

அந்த மூச்சொலிக்கும் முன்னால் ஒரு ‘க்’ இருந்தது. இலத்தீனில் கொம்புக்குக் ‘கார்னு’, ஆங்கிலத்தில் ‘ஹார்ன்’. நம் லாரிகளில் கட்டியிருக்கிறதே, அதே சொல்தான். இலத்தீன், கிரேக்கம் முதலிய மொழிகள் ‘க்’ வைத்திருந்த இடத்தில் ஆங்கிலமும் அதன் ஜெர்மானிய உறவு மொழிகளும் ‘ஹ்’ வைத்திருக்கின்றன. இந்த ஒழுங்கை 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் யாக்கோப் கிரிம் விரிவாக எடுத்துக்காட்டினார். தேவதைக் கதைகளைத் தொகுத்த சகோதரர்களுள் மூத்தவர் அவரே. இந்த விதியின்படி பார்த்தால் இலத்தீனின் ‘குவிஸ்’, ‘குவித்’, வடமொழியின் ‘கஹ’, ‘கிம்’, ‘கதா’, இந்தியின் ‘கௌன்’, ‘க்யா’, ‘க்யோன்’ எல்லாம் ஆங்கில வினாச்சொற்களின் பங்காளிகள். அந்தக் குடும்பத்தின் வினா முத்திரை ‘க’. இந்தப் பகுதி எழுத்துச் சான்று இல்லாத காலத்தைப் பற்றிய ஊகம்தான். ஆனால் நூற்றுக்கணக்கான சொற்களில் ஒரே ஒழுங்காகப் பொருந்தும் ஊகம்.

தமிழின் வினா முத்திரை வேறு. எது, எங்கே, எப்போது, எவர் என்று ‘எ’. யார், யாது, யாவை, யாண்டு என்று ‘யா’. கன்னடம், தெலுங்கு, மலையாளம் ஆகியவற்றிலும் இதே வேர்தான் உருமாறி நடமாடுகிறது. எந்தப் பக்கம் பார்த்தாலும் ‘க’ குடும்பத்தோடு இது ஒட்டவில்லை. திராவிட மொழிகளை முறையாக ஒப்பிட்ட பெரும் இலக்கணத்தைக் கால்டுவெல் 1856-இல் வெளியிட்டார். நம் தேரிக்காட்டு இடையன்குடியில் பல்லாண்டு வாழ்ந்து அங்கேயே அடக்கமானவர் அவர். சுட்டுச் சொற்களையும் வினாச் சொற்களையும் தனியாக எடுத்து ஆராய்ந்திருக்கிறார். அவருடைய முடிவுகள் பலவற்றைப் பின்னால் வந்தவர்கள் திருத்தியிருக்கிறார்கள். ஆயினும் தோற்றத்தைப் பார்த்து உறவு சொல்லக் கூடாது, முறையாக ஒப்பிட வேண்டும் என்பதைத் தமிழ்நாட்டில் ஊன்றிவைத்தவர்களில் அவர் முக்கியமானவர். உங்கள் உறவினரின் வாதத்துக்கு மறுப்பு, அம்பாசமுத்திரத்திலிருந்து அரைநாள் பயணத் தொலைவிலேயே இருந்திருக்கிறது.

நம் ‘ஓய்’ வினாச்சொல்லே அன்று, அது விளி. சமவயது ஆண்களை, மரியாதையும் உரிமையும் பாதிப்பாதி கலந்து அழைப்பது. ‘என்ன ஓய்’ என்பதில் வினா ‘என்ன’வில் இருக்கிறது, ‘ஓய்’யில் இல்லை. தெற்கே கேட்கும் ‘வே’யும் அப்படித்தான். ஆகையால் மூன்றாவது கேள்விக்கு விடை: இல்லை.

இனி எனக்குப் பிடித்த இடத்துக்கு வருகிறேன். பழைய ஆங்கிலத்தில் பெயர்ச்சொற்களும் பிரதிப்பெயர்களும் தமிழைப் போலவே வேற்றுமை ஏற்றன. ‘என்ன’ என்ற பொருளுடைய ‘ஹ்வாட்’ என்ற சொல்லுக்குக் கருவிப் பொருள் வேற்றுமையில் ஒரு வடிவம் இருந்தது. அதுதான் ‘ஹ்வீ’. நம் இலக்கணத்தில் மூன்றாம் வேற்றுமை, ‘ஆல்’ உருபு. அதாவது இன்றைய ‘ஒய்’ பிறக்கும்போது அது ஒரு தனிச்சொல்லாகவே பிறக்கவில்லை. ‘எது’வோடு ‘ஆல்’ சேர்ந்த ‘எதனால்’ என்பதாகத்தான் பிறந்தது. பின்னாளில் ஆங்கிலம் வேற்றுமை உருபுகளை ஒவ்வொன்றாக உதிர்த்துவிட்டது. கருவி வேற்றுமை முதலிலேயே போய்விட்டது. உருபு போன பின்பும் இந்த வடிவம் தப்பிப் பிழைத்தது. பெற்றோரை மறந்த பிள்ளைபோல, ‘என்ன’வோடு தனக்கு உறவு இருப்பதே தெரியாமல் ஆங்கிலேயர் வாயில் இருக்கிறது. ‘எப்படி’ என்று பொருள்படும் ‘ஹவ்’வும் அதே வினாவேரில் கிளைத்ததுதான். அது மூச்சொலியை வைத்துக்கொண்டு இதழொலியை விட்டுவிட்டது. அதனால்தான் எழுத்தில்கூட உறவு தெரியாமல் போயிற்று.

தப்பிப் பிழைத்தது இது மட்டும் அன்று என்று சொன்னால் என் மாணவர்கள் வியப்பார்கள். ‘எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது’ என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஒரு தொடர் உண்டு: ‘த சூனர் த பெட்டர்’. அதில் வரும் இரண்டு ‘த’வும் நாம் பள்ளியில் படிக்கும் சுட்டிடைச்சொல் என்றே எல்லாரும் நினைக்கிறார்கள். பெயர்ச்சொல்லே இல்லாத இடத்தில் அது எப்படி வரும்? அது ‘அது’ என்ற சுட்டுப்பெயரின் கருவி வேற்றுமை வடிவம். பழைய ஆங்கிலத்தில் ‘தீ’ என்பது போல ஒலித்தது. ‘ஹ்வீ’ எதனால் என்றால், ‘தீ’ அதனால். வினாவும் சுட்டும் ஒரே அச்சில் வார்த்தவை. தமிழில் முதலெழுத்தை மட்டும் மாற்றி எது–அது–இது, எங்கே–அங்கே–இங்கே, எதனால்–அதனால்–இதனால் என்று அடுக்குகிறோமே, பழைய ஆங்கிலமும் அப்படி அடுக்கிய மொழிதான். ‘வேர்–தேர்–ஹியர்’ என்ற மூன்றும் எங்கே–அங்கே–இங்கே என்பதற்கு இன்றும் நேராக நிற்கின்றன. எங்கிருந்து, எவ்விடத்துக்கு என்பவற்றுக்கும் அப்படி மும்மூன்று சொற்கள் இருந்து வழக்கொழிந்தன. அடுக்கில் ஓட்டை விழுந்த பின்பு ஒய்க்கு மட்டும் ஜோடி இல்லாமல் போய்விட்டது. தமிழும் இதில் முழுக்கக் கறார் இல்லை. நாம் ‘உது’, ‘உங்கே’ என்பவற்றை இழந்துவிட்டோம், யாழ்ப்பாணத்தார் வைத்திருக்கிறார்கள். இது மொழிகளுக்கு இடையே இரத்த உறவைக் காட்டாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். வினாவுக்கும் சுட்டுக்கும் ஒரே அச்சு என்பது பல மொழிக் குடும்பங்களில் தனித்தனியாக அமையக்கூடிய ஒன்று.

விடையையும் பாருங்கள். ‘ஏனென்றால்’ என்பதற்கு ஆங்கிலத்தார் சொல்லும் ‘பிகாஸ்’ ஒரு காலத்தில் இரண்டு சொல்: ‘பை காஸ்’. காரணத்தால் என்று பொருள். எதனால் என்று கேட்டால் இன்ன காரணத்தால் என்று விடை. கேள்வியிலும் ‘ஆல்’, விடையிலும் ‘ஆல்’. பிறந்த காலத்துப் பொருத்தம் அவ்வளவு கச்சிதம். ஆனால் சொல் பிறந்த இடத்திலேயே நிற்குமா? ‘எதனால்’ என்று தொடங்கிய ‘ஒய்’, நாளடைவில் ‘எதற்கு’ என்பதன் நிலத்தையும் வளைத்துக்கொண்டது. காரணம், நோக்கம், உள்ளக் கருத்து எல்லாவற்றையும் இன்று அந்த ஒரே சொல்லை வைத்துக் கேட்கிறார்கள். ‘வாட் ஃபார்’ என்று நோக்கத்தை மட்டும் கேட்கும் வழி ஆங்கிலத்தில் இருக்கிறது. ஆனால் அது கட்டாயம் இல்லை.

நம் ஊர் எடுத்துக்காட்டு ஒன்றில் இது தெளிவாகும். திருநெல்வேலியையும் பாளையங்கோட்டையையும் இணைக்கும் சுலோசன முதலியார் பாலம் 1843-இல் திறக்கப்பட்டது. ஆட்சியர் அலுவலகத்தில் சிரஸ்தாராக இருந்த சுலோசன முதலியார் தம் கைப்பொருளைக் கொண்டே அதைக் கட்டுவித்தார். பெயரைப் பார்த்து யாரோ ஓர் அம்மையார் என்று நினைப்பவர்கள் இன்றும் உண்டு. ‘அவர் ஏன் பாலம் கட்டினார்?’ என்று ஆங்கிலத்தில் கேட்டால் ஒரே சொல். தமிழில் மூன்று விதமாகக் கேட்கலாம். எதற்குக் கட்டினார் என்றால், தாமிரபரணியை மக்கள் படகை நம்பாமல் கடப்பதற்கு. எதனால் கட்டினார் என்றால், இரண்டு ஊருக்கும் நடுவே பாலம் இல்லாததால், அதற்கான பணமும் எளிதில் திரளாத நிலையால். ஏன் கட்டினார் என்றால் மேலே சொன்ன இரண்டையும் சொல்லலாம். அல்லது அரசாங்கம் செய்ய வேண்டியதற்கு ஒரு தனிமனிதர் தம் சொத்தைக் கொட்ட வேண்டிய அவசியம் என்ன என்று அவர் மனத்தைத் துருவும் கேள்வியாகவும் அதை எடுத்துக்கொள்ளலாம். விடையின் இறுதியைப் பாருங்கள்: கடப்பதற்கு, இல்லாததால். நான்காம் வேற்றுமையில் முடிந்தால் கேள்வி ‘எதற்கு’, மூன்றாம் வேற்றுமையில் முடிந்தால் கேள்வி ‘எதனால்’. ‘ஏன்’ இரண்டுக்கும் இடம் கொடுக்கும். திருநெல்வேலிப் பேச்சு வழக்கில் ‘எதனால்’ அவ்வளவாக வராது. ‘ஏன்’, ‘எதுக்கு’, ‘என்னத்துக்கு’ என்பவையே எல்லாவற்றையும் சுமக்கின்றன. ‘எதனால்’ பெரும்பாலும் எழுத்துக்கும் வகுப்பறைக்கும் உரியது.

உலக மொழிகள் பல, ‘ஏன்’ என்பதற்குத் தனிச்சொல் செய்யாமல் ‘என்ன’வுக்கு ஏதாவது ஓர் உருபை ஒட்டிவைத்தே காலம் தள்ளுகின்றன. எந்த உருபு என்பதில்தான் வேறுபாடு. பிரெஞ்சில் ‘பூர்க்வா’, அதாவது என்னவுக்காக. தெலுங்கின் ‘எந்துகு’, கன்னடத்தின் ‘ஏகெ’ இரண்டும் நான்காம் வேற்றுமை. மலையாளத்தில் ‘எந்தினு’ என்று நோக்கத்தையும் ‘எந்துகொண்டு’ என்று காரணத்தையும் பிரித்துக் கேட்பார்கள். 1956 நவம்பர் வரை கேரளப் பக்கம் இருந்த செங்கோட்டையில் பழைய ஆட்களிடம் பேசினால் இந்த வேறுபாடு சட்டென்று பிடிபடும். ரஷ்ய மொழியிலும் காரணத்துக்கு ‘பச்செமூ’, நோக்கத்துக்கு ‘ஸச்சேம்’ என்று இரண்டு. நம் எழுத்து வழக்கைப் போலவே அங்கும் ‘எதனால்’, ‘எதற்கு’ என்பவற்றுக்குத் தனித்தனிச் சொற்கள் உண்டு.

அப்படியானால் நம் ‘ஏன்’ எந்த வேற்றுமை? இங்கேதான் நான் குரலைத் தணிக்க வேண்டியிருக்கிறது. ‘ஏன்’ என்பதில் வெளிப்படையாக எந்த உருபும் தெரியவில்லை. கன்னடத்தில் ‘ஏனு’ என்றால் ‘என்ன’ என்று பொருள். இரண்டும் ஒரே வேர் என்பதில் ஆய்வாளர்களிடையே கருத்து வேறுபாடு இருப்பதாகத் தெரியவில்லை. ‘என்ன’ என்று கேட்கும் சொல்லே, உருபு ஏற்காமல், ‘ஏன்’ என்று கேட்கவும் பயன்பட்டிருக்க வேண்டும் என்பது இதிலிருந்து நான் செய்யும் ஊகம். அதற்குத் துணையாகக் குறளில் ஓரிடம் உண்டு. நல்லது நடக்கும்போது நன்று என்று மகிழ்பவர், தீயது வரும்போது ‘அல்லற் படுவ தெவன்’ என்று வள்ளுவர் கேட்கிறார். அந்த ‘எவன்’ எந்த ஆள் என்று கேட்பதன்று. ‘என்ன’ என்றும் ‘ஏன்’ என்றும் ஒருசேர நிற்கும் பழைய அஃறிணை வினா. மேல்வகுப்பு மாணவர்களே அங்கே தடுமாறிப் பார்த்திருக்கிறேன்.

தடுமாற்றம் ஆங்கிலத்திலும் உண்டு. ‘வேர்ஃபோர்’ என்று ஒரு பழைய சொல், பொருள் ‘எதற்காக’. ஷேக்ஸ்பியரின் ஜூலியட் மாடத்தில் நின்று அந்தச் சொல்லை வைத்து ரோமியோவைக் கேட்கிறாள். ரோமியோ எங்கே இருக்கிறான் என்று அவள் தேடுவதாக நினைத்து, நெற்றிக்கு மேல் கையை வைத்து நடிக்காத கல்லூரி நாடகத்தை நான் பார்த்ததில்லை. அவள் கேட்பது, பகைக் குடும்பத்துப் பெயரோடு நீ ஏன் ரோமியோவாக இருக்கிறாய் என்பதே. இன்னொன்று, பாளையங்கோட்டையில் ஆங்கில ஆராதனைக்குப் போகிறவர்கள் பாடியிருக்கக்கூடிய பாட்டு. விவிலியத்தின் நூறாம் சங்கீதத்தைத் தழுவிய 16-ஆம் நூற்றாண்டுப் பாடல் அது. அதன் கடைசிச் சரணம் ‘ஃபார் ஒய்’ என்று தொடங்கும். சில பாட்டுப் புத்தகங்களில் அங்கே ஒரு வினாக்குறி போட்டிருக்கிறார்கள். உண்மையில் அது கேள்வியே அன்று. அக்கால வழக்கில் அதற்கு ‘ஏனெனில்’ என்று பொருள்: ஏனெனில் கர்த்தர் நல்லவர். வினாச்சொல் விடைச்சொல்லாகவும் திரும்பும் என்பதற்கு நல்ல சான்று.

நமக்கு இதில் வியப்பு வேண்டாம். ‘ஏனென்றால்’ என்று நாமே கேட்டு நாமே விடை சொல்கிறோம். கன்னடத்தின் ‘ஏகெந்தரெ’, தெலுங்கின் ‘எந்துகன்டே’, இந்தியின் ‘க்யோங்கி’ எல்லாம் இதே ‘ஏன்’னை முன்னால் வைத்துக் கட்டியவை. நம்மவர் ஆங்கிலத்தில் பேசும்போது ‘ஒய் பிகாஸ்’ என்று இரண்டையும் சேர்த்துச் சொல்வது இந்தக் கட்டுமானத்தின் நிழல். தேர்வில் எழுதினால் மதிப்பெண் போகும், ஆகவே உங்கள் மகளிடம் தவிர்க்கச் சொல்லுங்கள். ஆனால் அதைக் கேட்டு ஏளனம் செய்வோருடன் எனக்கு உடன்பாடு இல்லை. அமெரிக்காவில் பிறந்த ‘ஹவ் கம்’ என்ற தொடருக்கும் இலக்கணம் ஒழுங்காக இல்லை. அதன் பின்னால் வரும் வாக்கியம் வினா வடிவத்துக்குத் திரும்புவதே இல்லை. அதை யாரும் ஏளனம் செய்வதில்லை.

ஒய்க்கு இன்னொரு வேலை இருக்கிறது; பள்ளிப் புத்தகங்கள் அதைச் சொல்லாமல் விடுவதால் மொழிபெயர்ப்பாளர்கள் பலர் கவிழ்கிறார்கள். 16-ஆம் நூற்றாண்டு முதல் அது வாக்கியத்தின் தொடக்கத்தில் வெறும் வியப்புச் சொல்லாகவும் வருகிறது. பின்னால் ஒரு காற்புள்ளி நிற்கும். பழைய ஆங்கில நாவல்களில் பக்கத்துக்குப் பக்கம் இது உண்டு. அதை ‘ஏன்?’ என்று வினாக்குறியோடு மொழிபெயர்த்தால் உரையாடலே உடைந்துபோகும். ஆனால் வினாக்குறி இல்லாத ‘ஏன்’ பொருந்தும். ‘ஏன், நேற்றுக்கூட இங்கேதானே இருந்தார்’ என்று சொல்கிறோம் அல்லவா? அங்கே யாரும் காரணம் கேட்கவில்லை. ‘ஏன் என்று கேட்க ஆளில்லை’ என்ற புலம்பலிலும் காரணம் கேட்கும் ஆளைத் தேடவில்லை. அக்கறை காட்டும் ஆளைத்தான் தேடுகிறார்கள். உறவே இல்லாத இரண்டு மொழிகள் இந்தப் பக்கவழியில் ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்திருப்பது எனக்கு இன்றும் இன்பமான செய்தி.

இரண்டு மொழியிலும் இந்தச் சொல்லுக்குக் கொஞ்சம் முள் உண்டு. ‘ஏன் வந்தீர்கள்?’ என்று வீட்டுக்கு வந்தவரைக் கேட்டால் அவர் செருப்பைத் தேடுவார். நம் பக்கத்தில் ‘என்ன விசேஷம்?’ என்றோ, ‘என்ன காரியமாக?’ என்றோ ‘என்ன’வைக் கொண்டு கேட்பதே வழக்கம். புறப்படுகிறவரிடம் எங்கே என்று கேட்காமல் ‘தூரமா?’ என்று கேட்பவர்கள் நாம். ஆங்கிலத்தாரும் நேரான ‘ஒய்’யைத் தவிர்த்து, என்ன உங்களை இங்கே கொண்டுவந்தது என்பதுபோலச் சுற்றிக் கேட்பார்கள். அதே சொல்லோடு எதிர்மறை சேர்ந்தால் மட்டும் முள் மழுங்கிவிடும். ‘ஒய் டோன்ட் யூ சிட் டவுன்’ என்பது பெரும்பாலும் உபசரிப்பு. அதை ‘ஏன் உட்கார மாட்டேன் என்கிறீர்கள்?’ என்று தமிழாக்கினால் சண்டைக்கு அழைப்பதாகிவிடும். ‘உட்காருங்களேன்’ என்பதே சரி. நன்னூல் வினாவை ஆறு வகையாகப் பிரித்து, ஏவல் வினா என்று ஒன்றையும் வைத்திருப்பதை உங்கள் மகள் இனி வரும் வகுப்புகளில் படிப்பாள். வடிவில் கேள்வி, கருத்தில் ஏவல். அது இந்த வகை.

இப்போது அடிக்கப்பட்ட அந்தச் சொல்லுக்கு வருவோம். நாங்குநேரி வட்டத்துக் கூந்தன்குளத்துக்குப் பறவைகள் வரும் பருவத்தில் அவளை ஒருமுறை கூட்டிக்கொண்டு போங்கள். அங்கே மஞ்சள்மூக்கு நாரையும் கூழைக்கடாவும் மரங்களில் கூடு கட்டிக் குஞ்சு பொரிக்க வருகின்றன. அவை எதற்கு வருகின்றன என்று கேட்பதில் குற்றமே இல்லை. விடை ‘குஞ்சு பொரிப்பதற்கு’. அதே குளத்துக்கு மத்திய ஆசியப் பக்கத்திலிருந்து இமயத்தைத் தாண்டிப் பட்டைத்தலை வாத்தும் வருகிறது. அது இங்கே கூடு கட்டுவதில்லை. அங்கே கடுங்குளிர் வந்து நீர்நிலைகள் உறைவதால் இறங்கிவருகிறது. அதற்கு ‘எதனால்’ நன்றாகப் பொருந்தும். இரை தேடுவதற்கு என்று சொன்னால் அதற்கும் ‘எதற்கு’ ஆகும். ஆகவே உங்கள் மகள் எழுதியது பிழை அன்று. ‘எதனால்’ என்று எழுதியிருந்தாலும் பிழை அன்று. ஆசிரியர் எழுதிய ‘ஏன்’, எந்த விடை வந்தாலும் தாங்கும் என்பதால் பாதுகாப்பானது, அவ்வளவே. புத்தகத்தில் அந்த வினாவுக்குக் கீழே கொடுத்திருக்கும் விடை ‘-தற்கு’ என்று முடிகிறதா, ‘-ஆல்’ என்று முடிகிறதா என்று பார்த்துவிட்டு ஆசிரியரிடம் பணிவாக எடுத்துச் சொல்லுங்கள்.